கோவிவனின் வம்சம்

சென்ற வாரம் மண்டகப்பட்டுக் குடைவரையின் முன் நின்று, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி மும்மூர்த்திகளுக்கு ஆலயம் சமைத்த மகேந்திரவர்மனின் பெருமிதத்தைக் கண்டோம். அதே மன்னனின் 34-ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கும் நடுகல் ஒன்று, செஞ்சியையும் திருவண்ணாமலையையும் கடந்து மேற்கே சென்றால், செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூரில் இருக்கிறது. எருமை மந்தையைக் காக்கப் போராடி உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக நட்ட கல் அது. வீரனோடு ஒரு நாயின் உருவத்தையும் அதிலே செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கியதோடு நில்லாமல், அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுத்திலும் பொறித்து வைத்திருக்கிறார்கள். கோவிவன் எந்த ஜாதி நாய் என்று கல்வெட்டு கூறவில்லை. பெயரையும் செயலையும் சொன்னால் போதும் என்று ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பிராந்தியத்தில் வாழ்ந்தவர்கள் நினைத்தார்கள் என்பதே எனக்குப் பேராச்சரியத்தைத் தருகிறது.

கோவிவனின் வம்சத்தார் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நாற்கரச் சாலையில், விக்கிரவாண்டியை ஒட்டிய உணவகங்களின் வாசலில் இரவுப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும் வேளையில், பிரயாணிகள் மிச்சம் வைத்த புரோட்டாத் துண்டுக்காகச் சக்கரங்களுக்கு நடுவே தலையைத் தாழ்த்தி நுழைந்து வெளிவரும் அந்த ஜீவன்களைப் பார்த்திராதவர் இவ்வழியே போனவராக இருக்க முடியாது. தீனி சாலையின் ஒரு பக்கத்திலும், குட்டிகள் கிடக்கும் புதர் மறுபக்கத்திலுமாக அமைந்துவிடுவதால், இரு திசைகளிலும் விரையும் வாகனங்களுக்கு ஊடே தினமும் பலமுறை கடக்க வேண்டிய நிர்ப்பந்தம் அவற்றுக்கு உண்டாகிறது. நடுவேயுள்ள அரளிச் செடிகள் வரைக்கும் வந்து, அங்கே திகைத்து நின்று, வெளிச்சம் கண்ணில் அடித்த நொடியில் பாய்ந்து விடுகின்றன. விடியற்காலையில் அந்தச் சாலையோரம் காணக் கிடைப்பதை வர்ணிக்க எனக்கு மனம் வரவில்லை.

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபின் நகராமல் நின்று பொழிந்ததில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியதும், தென்பெண்ணை பெருகி அரசூர் அருகே பெருஞ்சாலையையே மூழ்கடித்ததும், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மனிதர்களுக்கு முகாம்கள் திறந்தார்கள். நாய்களுக்கு மேடான இடம் எதுவோ அதுவே முகாம்.

நீர் வடிந்த பின்பு, திண்டிவனத்துக்குத் தெற்கே ஒரு சிறு பாலத்தின் சுவரோரம் செம்பழுப்பு நிறப் பெண் நாய் ஒன்று படுத்திருக்கக் கண்டேன். பின்னந்தொடையில் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குத் திறந்த புண். அதன் ஓரத்தில் வெண்புழுக்கள் நெளிந்தன. பால் கட்டிய மடி தளர்ந்து கிடந்தது. எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மாள், “மழ வுட்டதுலருந்து இங்கியேதான் கெடக்குது சார். குட்டிங்கள தண்ணி அடிச்சினு போயிடுச்சி. பிஸ்கோத்து போட்டாகூட மோந்து பாத்துட்டு வுட்டுடுது” என்றார்.

இரக்கத்தினால் உந்தப்பட்டு நேராகப் போய்க் கையை நீட்டுவது இத்தகைய சந்தர்ப்பத்தில் செய்யத் தகாதது. பரம சாதுவான நாயும் வலி தாளாமல் கடித்துவிடும். அது அதன் குற்றமாகாது. கண்ணோடு கண் நோக்காமல், பக்கவாட்டில் குந்தி அமர்ந்து, அது நம் வாசனையை அறிந்துகொள்ளும் வரையில் பொறுத்திருக்க வேண்டும். பிறகு மெல்லிய துணிப் பட்டையை மூக்கின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தாடைக்குக் கீழே மாற்றிக் கொண்டுபோய்க் காதுகளுக்குப் பின்னால் முடிச்சிட்டால், மூச்சுக்குத் தடையில்லாமல் வாய் கட்டுப்படும். வாந்தி எடுக்கும் நாய்க்கோ, மூச்சுத் திணறும் நாய்க்கோ இப்படிக் கட்டலாகாது. டீக்கடை அம்மாள் கொடுத்த கோணிச் சாக்கை விரித்து, அதன்மேல் அவளைச் சரித்து, நாலு முனையையும் இருவர் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம்.

கால்நடை மருத்துவர் டர்பன்டைன் தோய்த்த பஞ்சைப் புண்ணின் வாயில் வைத்துச் சற்று நேரம் காத்திருந்தார். உள்ளே மறைந்திருந்த புழுக்கள் மூச்சு முட்டி மேலே வரவர, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். மேலே கண்டதைவிட உள்ளே இருந்தவை பல மடங்கு. தோலுக்கு அடியில் புண் பை போல ஆழ்ந்திருந்தது என்பது அப்போதுதான் புலப்பட்டது. எலும்பு முறிந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தால், படம் எடுத்துப் பார்க்க நம் பக்கத்தார் புதுச்சேரி குரும்பாபேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவதுண்டு. நல்லவேளையாக இவளுக்கு அந்த அவசியம் நேரவில்லை.

மீட்பு என்று நாம் சொல்வது இவ்வளவுதான். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் காரியம். அதற்கு மேல் வரும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றியே நான் இன்று பேச விரும்புகிறேன். ஏனெனில் நம் ஊர்களில் இரக்கத்துக்குப் பஞ்சமில்லை, அந்த இரக்கம் மறுநாள் காலையில் என்ன ஆகிறது என்பதே கேள்வி. புண் ஆறியதும், வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லை என்று, நல்ல எண்ணத்தோடுதான், வேறொரு தெருவில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தெருவில் ஏற்கெனவே ஒரு கூட்டம் இருக்கும்; வழி தெரியாத புதிய நாய் அங்கே கடிபட்டு, அடுத்த தெருவுக்கு ஓடி, முடிவில் பெருஞ்சாலைக்கே வந்து சேரும். இயலாதவர்கள், எடுத்த இடத்திலேயே, அதை அறிந்தவர்கள் நடுவிலே திரும்ப விடுவது உத்தமம். 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட விலங்குகள் கருத்தடை விதிகளும், கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றுதான் விதிக்கின்றன.

வீட்டுக்கு வந்தவள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். அழைக்கவில்லை, இழுக்கவில்லை, தண்ணீர்க் கிண்ணத்தை அருகே நகர்த்தி வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். இரவில் எல்லோரும் உறங்கிய பின் வெளியே வந்து உண்டாள். எலும்பு நீக்கிய கோழியும் குழைந்த சோறும் அவளுக்கு ஒத்துக்கொண்டன. வெங்காயமும் திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம். வேகவைத்த எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். பசும்பால் பல நாய்களுக்கு வயிற்றுப் போக்கை உண்டாக்கும். அன்பின் மிகுதியால் இவற்றையே முதலில் நீட்டுகிறவர்கள் அநேகர் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன். காதுமடலின் உட்புறத்திலும் விரலிடுக்குகளிலும் பருத்து ஒட்டியிருந்த உண்ணிகளை, நசுக்காமல் தோலோரமாகப் பிடித்து நேரே இழுத்து எடுக்கும் வேலை, அவள் எங்களை நம்பத் தொடங்கிய பிறகே சாத்தியமாயிற்று. அந்த உண்ணிகள் ரத்தத்தில் பரப்பும் காய்ச்சலால், வெளியே ஒரு காயமும் இல்லாமலே மெலிந்து இறக்கும் நாய்கள் உண்டு. ஆகையால் வந்தவுடன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது விவேகம்.

கைவிடுதல் என்பது வெறும் மனக்குறை அன்று, சட்டப்படி குற்றம். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து, நேருவின் உறுதிமொழியின்பேரில் திரும்பப் பெற்றுக்கொண்ட அந்த முயற்சியிலிருந்து பிறந்ததே 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதை அது குற்றங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. டெல்லித் தெருநாய்கள் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவிலும், விருப்பமுள்ளவர்கள் மாநகராட்சிக்கு விண்ணப்பித்துத் தெருநாய்களைத் தத்தெடுக்கலாம் என்றும், எடுத்தவை மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் சொல்லப்பட்டது. இந்த இரண்டாவது வாக்கியத்தைத் தத்தெடுக்க எண்ணும் ஒவ்வொருவரும் குடும்பத்தாரோடு அமர்ந்து ஆலோசிக்க வேண்டும்.

தெருநாய்களைக் கண்டு அஞ்சுகிறவர்களை இரக்கமற்றவர்கள் என்று பழிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் அநேகமாகத் தப்பிப்பதற்கே வழியில்லை. பள்ளி செல்லும் குழந்தையை உடைய தாய் அஞ்சுவது முற்றிலும் நியாயமானது. கடியோ பிராண்டலோ ஏற்பட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்கி, குறித்த நாட்களில் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும். ஆழ்ந்த காயமானால் அதைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்துவார்கள். நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோயின் சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஆகவே தத்தெடுத்த நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடுகிறவர், அஞ்சி நிற்கும் அந்தத் தாய்க்கும் ஓர் உபகாரம் செய்கிறார்.

எங்கள் வீட்டாளுக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்று. கருத்தடை அறுவைக்கு உடம்பு தேறும் வரை காத்திருந்தோம். அந்தச் சிகிச்சை பாவமா, பெண் நாய் ஒருமுறையாவது குட்டி போட வேண்டாமா என்று விழுப்புரம் வாசகர்கள் சிலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். கேப்டன் சுந்தரம் 1959-இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ், நாய்களைக் கொல்லும் வழக்கத்துக்கு மாற்றாக இதே சிகிச்சையை முன்வைத்து நகராண்மையோடு பல்லாண்டுகள் வாதாடிய வரலாற்றையும், வானூர் வட்டத்து ஆரோவில்லில் நடக்கும் நாய்க் காப்பகத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)