முட்டியிற் புகுந்த பிழை

கள்ளைப் பற்றிப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுவதா என்று வாசகருட் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். திருக்குறளின் 93ஆம் அதிகாரம் எதனைக் கூறுகின்றது என்பதை நானும் அறிவேன். மாணாக்கருக்கு அதனை ஆண்டுதோறும் கற்பித்து வருபவன். கள்ளை நாவிலிட்டறியேன். ஆயினும் அதன் மணத்தை மூக்கினால் ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லவேண்டிய கடப்பாடு ஒன்று சில காலத்துக்கு முன் எனக்கு நேர்ந்தது. நேர்ந்ததற்குக் காரணமும் நானே.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான நிலத்தை எழுவான்கரை என்பர். தென்னைக்கு ஏற்ற மண். என் பழைய மாணாக்கர் ஒருவர் அங்கே அனுமதிப்பத்திரம் பெற்ற மரங்களிற் கள் இறக்கிச் சீவிக்கின்றார். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றி அத்தொழிலை எவருஞ் செய்தல் கூடாது. இறக்கும் கள்ளிற் பெரும்பகுதி வாவிக்கு அப்பால், படுவான்கரையிலுள்ள தவறணை ஒன்றுக்குச் செல்லும். நாள்தோறும் ஒரு போத்தல் மட்டும், அப்பஞ் சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய்க்குச் செல்லும். அப்ப மாவைப் பொங்கவைப்பதற்குக் கள்ளுக்கு நிகர் வேறில்லை என்பது நம் பெண்கள் நெடுங்காலமாகக் கண்ட உண்மை.

ஒருநாள் மாலை அம்மாணாக்கர் வாடிய முகத்தோடு வந்து திண்ணையோரம் நின்றார். “ஐயா, காலையில இறக்கின கள்ளு பின்னேரத்துக்குள்ள வினாகிரியாப் போகுது. தவறணையில திருப்பி அனுப்பிட்டாங்க” என்றார்.

எங்கே, எப்பொழுது, எந்தப் பாத்திரத்தில் என்று நான் வினவியிருத்தல் வேண்டும். வினவினேனல்லேன். வெள்ளம் வடிந்தபின் கிணறுகளுக்கு வெளிற்றுந் தூள் இடுவதைக் கண்டவன் ஆதலின், “கான்களை அந்தத் தூள் கரைத்த நீரிற் கழுவிப் பாரும் தம்பி” என்று சொல்லிவிட்டேன். ஆசிரியர் வாக்கை மாணாக்கர் தட்டுவதில்லை. அதுவே வினையாயிற்று.

பத்து நாட் கழித்து மீண்டும் வந்தார். புளிப்புக் குறைந்திருந்ததாம்; ஆனால் மருந்து மணம் ஏறிவிட்டதாம். அப்பக்காரத் தாய், “இது என்ன மனே, அப்பம் ஆசுபத்திரி மணம் மணக்குது” என்று சொல்லி, விற்காத அப்பங்களைக் காட்டினாராம். அன்றைய முதல் முழுவதும் அவருக்கு நட்டம். அதைக் கேட்டபொழுது எனக்கு நாணமாயிருந்தது.

அக்காலத்தில் நான் வகுப்பிலே பெரும்பாணாற்றுப்படை பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்நூலிலே, தீட்டாத அரிசியைக் களியாக்கி, அகன்ற வாயுடைய தட்டில் ஆற்றி, புளிப்பிக்கும் அடையைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து மது வடிக்கும் முறை கூறப்படுகின்றது. சூடு ஆறிய பின்னரே கலத்தல் வேண்டும் என்ற நுட்பமும் அதில் அடங்கும். சூடு மிகுந்தால் மதுவம் மடிந்துவிடும். அங்கே ‘வழைச்சு’ என்றொரு சொல் வருகின்றது. இளமை என்பது அதன் பொருள். மதுவுக்கு இளமை ஏது என்று மாணாக்கி ஒருத்தி கேட்டாள். நான் மழுப்பிவிட்டேன்.

பின்னர் எங்கள் இரசாயன ஆசிரியரிடம் கேட்டறிந்தேன். முற்றாத மதுவில் அசற்றலிடிகைட்டு என்னும் பொருள் எஞ்சி, பச்சை அப்பிளின் மணத்தைத் தருமாம். பொறுத்திருந்தால் மதுவமே அதனை மீண்டும் உட்கொண்டு மாற்றிவிடுமாம். ஆகவே வழைச்சு என்பது காலம் தீர்க்குங் குற்றம். வினாகிரிப் புளிப்போ காலத்தால் வளருங் குற்றம். காற்றுப் பட்டால் ஒருவகைப் பற்றீரியா மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக்கிவிடும். மருந்து மணம் இவ்விரண்டும் அன்று. வெளிற்றுந் தூளின் குளோரீன், கள்ளில் இயல்பாகவுள்ள பீனோல் வகைப் பொருள்களோடு கூடும்பொழுது அது பிறக்கின்றது. நூறு கோடியிற் சில பங்கு இருந்தாலே மூக்கு உணர்ந்துவிடும். பிறந்தபின் அதனைக் கள்ளினின்று நீக்க வழியில்லை.

மேனாட்டில் வீட்டிலேயே பியர் வடித்து உருக்குப் பீப்பாய்களில் அடைத்து வைப்போர் பலருளர். ஒரே வடிப்பை இரண்டு பீப்பாய்களில் நிரப்பி, ஒன்று நன்றாயிருக்க மற்றொன்று கெட்டால், அவர்கள் தானியத்தைக் குறை கூறுவதில்லை. பீப்பாயையும் குழாயையும் கழற்றிப் பார்ப்பார்கள். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகிய எனக்கு இது புதிதன்று. பாடம் பிழைபட்டிருந்தால் புலவனையா பழிப்போம்? எந்தப் படியிற் பிழை புகுந்தது என்றல்லவா தேடுவோம்! சுவடியிற் செய்ததைக் கள்ளிற் செய்ய ஏன் தோன்றவில்லையோ!

மறுநாட் காலை தோப்புக்கே சென்றேன். பண்டிதர் தென்னையடியில் நிற்பதை வழியிற் போவோர் பார்த்துச் சிரித்ததும் உண்டு. ஒரே மரத்துக் கள்ளைப் புதிய மண்முட்டியிலும், கொதிநீரிற் கழுவிய கண்ணாடிப் போத்தலிலும், தூள் நீரிற் கழுவிய பிளாத்திக்குக் கானிலும், தூள் படாத பழைய கானிலும் பிரித்து வைத்தோம். மாலையில் மோந்து பார்த்தேன். முட்டியிலும் போத்தலிலும் குற்றமில்லை. மூன்றாவதில் மருந்து. நான்காவது மூக்கைத் துளைத்தது. மரமும் பாளையும் நிரபராதிகள் ஆயின.

பழைய கானின் அடியிலுள்ள திருகுகுழாயைக் கழற்றினோம். இறப்பர் வளையத்தின் கீழே வெண்மையான வழுவழுப்பு ஒட்டியிருந்தது. கானின் உட்புறமெங்குங் கீறல்கள். மண்முட்டியைத் தேய்த்த பழக்கத்தினால் கானையும் மணலும் தும்பும் இட்டுத் தேய்த்திருக்கின்றார். முட்டியை வெயிலிற் கவிழ்த்துக் காயவைப்பர். பழுதானால் உடைத்தெறிந்து வேறு வாங்குவர். கானோ உடைவதில்லை, நேற்றைய கள்ளின் கறையைக் கீறலில் வைத்துக் காத்து இன்றைய கள்ளுக்குக் கொடுக்கின்றது. மேலும், 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் அவர் தோணியை விட்டு மோட்டார்ச் சைக்கிளிற் கள்ளைக் கொண்டுபோகின்றார். அரைகுறையாக நிரம்பிய கான் வழிநெடுகக் குலுங்கக் காற்றுக் கலக்கின்றது. வினாகிரிக்கு வேண்டியவை யாவும் கூடிவிட்டன.

மருந்து மணத்துக்கு விளக்கம் எளிது. கரண்டியளவு இடவேண்டிய தூளைக் கைப்பிடியாக இட்டிருக்கின்றார். நல்ல நீரில் அலசவும் இல்லை. அளவும் அலசலும் நான் சொல்லாதவை.

புதிய கான்கள் இரண்டு வாங்கினோம். குழாய் வேண்டாம் என்று விட்டோம். மெல்லிய துணியாற் கழுவி, கொதித்து இளஞ்சூடாகிய நீரில் இருமுறை அலசி, வெயிலிற் கவிழ்த்தல். வாய்மட்டும் நிரப்பிக் குலுங்காமற் கட்டுதல். இவ்வளவே மாற்றம். புளித்துப்போன கள்ளைச் சாடியிலிட்டு வாயை மெல்லிய துணியாற் கட்டி வைத்தார். சில கிழமைகளில் நல்ல வினாகிரியாயிற்று. மருந்து மணத்த கள்ளை வாழையடியில் ஊற்றிவிட்டார்.

அப்பக்காரத் தாய் இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் ஒரு போத்தல் வாங்கினார். அதன்பின் நாடோறும் வாங்குகின்றார். அவருடைய ஒருநாள் நட்டத்தை நான் கொடுக்கப்போனபொழுது, பணத்துக்குப் பதிலாக மகளுக்குத் தமிழ் சொல்லித்தரும்படி கேட்டார்; சனிக்கிழமைகளில் அவள் வருகின்றாள். கான்களின் விலையையும் மாணாக்கரிடம் நீட்டினேன். எண்ணிப் பார்த்து ஒரு கானுக்குரியதை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்றது, தாம் அலசாமல் விட்ட பங்குக்காம்.