ஊசி குத்திவிட்டதா? முதலில் மணியைப் பாருங்கள்

செவிலியராகவோ, ஆய்வகப் பணியாளராகவோ, துப்புரவுப் பணியாளராகவோ ஒருவர் உங்கள் இல்லத்தில் இருப்பின், "பணியில் ஊசி குத்திவிட்டது" என்னும் ஒரு சொல்லே வீட்டினர் அனைவரின் உறக்கத்தையும் பறித்துவிடும். எச்.ஐ.வி. பற்றிய அச்சம் எழுவது இயல்பே. ஆயினும் அதன் உண்மையான அளவை அறிதல் நன்று.

எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் குருதி படிந்த ஊசி குத்திய ஆயிரம் பேரில், தடுப்பு மருந்து உட்கொள்ளாவிடினும், ஏறத்தாழ 3 பேருக்கே தொற்று ஏற்படுகிறது. மருந்தேற்றும் துளையூசியைவிடத் தையலூசியால் ஆபத்து குறைவு. நாங்கள் கூடுதலாக அஞ்சுவது ஹெபடைடிஸ் பி கிருமியையே. தடுப்பூசி போடாதவர்களில் 100-க்கு 30 பேர் வரை அது தொற்றக்கூடும். தடுப்பூசி இருந்தும் அதன் தவணைகளை முடிக்காமல் விடுவோரைக் காணும்போது எங்களுக்கு வருத்தமே மேலிடுகிறது.

குத்திய இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். பிழிதலும், விரலை வாயில் வைத்தலும், பிளீச்சிங் கரைசல் ஊற்றுதலும் கூடாது. பின்னர் உடனே மருத்துவரை அணுகுங்கள். தேவைப்படுவோருக்குத் தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறப்பு. 72 மணி நேரம் கடந்தபின் அது தரப்படுவதில்லை. தொடங்கினால் 28 நாள்கள் இடைவிடாது உட்கொள்ள வேண்டும். இரவுப் பணி, மேலதிகாரியின் கடுஞ்சொல், "வெளியே தெரிந்தால் என்னாகும்" என்னும் தயக்கம் ஆகியவற்றால் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவதையே நாங்கள் பேராபத்தாகக் கருதுகிறோம். விவரம் அறிய 1097 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

அன்றே செய்யும் குருதிப் பரிசோதனை முந்தைய நிலையை மட்டுமே காட்டும். ஆகவே மருத்துவர் குறிக்கும் நாள்களில், பொதுவாக 6 வாரங்களிலும் 3 மாதங்களிலும், மீண்டும் பரிசோதித்தல் இன்றியமையாதது. அதுவரை ஆணுறை பயன்படுத்துக. குருதிக் கொடை வேண்டா. ஆனால் தட்டையும் டம்ளரையும் தனியே ஒதுக்கி வைப்பது தேவையற்றது, அவரைப் புண்படுத்துவதும் ஆகும்.

நோயாளிகளாகிய உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் போட்ட ஊசி எங்கள் பணியாளரைக் குத்திவிட்டால், உங்கள் குருதியைப் பரிசோதிக்க ஒப்புதல் கேட்போம். அஃது உங்கள்மீதுள்ள ஐயத்தாலன்று. அவர் 28 நாள்கள் மருந்துண்ண வேண்டுமா என்பதை அம்முடிவே பெரிதும் தீர்மானிக்கும். முடிவு மறைவாகக் காக்கப்படும். மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் குறையேதும் நேராது.

வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்வோர், ஊசிகளைக் குப்பைக் கூடையில் எறியாமல், மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வையுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி, அடுத்த முறை வரும்போது எங்கள் செவிலியரிடம் ஒப்படையுங்கள். தெருக்குப்பையில் கிடக்கும் ஊசி யாருடையது என்பது, அதை அள்ளும் துப்புரவுப் பணியாளருக்குத் தெரியாது.