கண்மாய்க் கிரிக்கெட்டும் மைக்செட் பாட்டும்

கோடையில் தண்ணீர் வற்றியதும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கண்மாய்களில் சீமைக்கருவேல் இல்லாத இடமாகப் பார்த்து ஸ்டம்ப் ஊன்றிவிடுகிறார்கள் இளைஞர்கள். டோர்னமென்ட் என்றால் கரையில் மைக்செட்டும் உண்டு. பவுண்டரிக்கு ஒரு பாட்டு, சிக்சருக்கு இன்னொரு பாட்டு. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்பது போல, மைதானத்தில் பாட்டு யாருக்கு என்பதும் மரியாதைக் கேள்விதான்.

இதை உலகுக்குக் காட்டியவர்கள் கரீபியன் தீவு மக்கள். 1950 ஜூன் 29 அன்று லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தை 326 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியது வெஸ்ட் இண்டீஸ். இங்கிலாந்து மண்ணில் அவர்களுக்கு அதுவே முதல் டெஸ்ட் வெற்றி. லார்ட் கிச்சனர் என்ற பாடகர் கிதாருடன் மைதானத்துக்குள் ஆடிப்பாடி வந்தார். லார்ட் பிகினர் என்ற இன்னொரு பாடகர் அந்த வெற்றியைக் கலிப்ஸோ பாட்டாகவே பாடிவைத்தார். கலிப்ஸோ, டிரினிடாட் கறுப்பின மக்களின் பாட்டு. நம் ஊர்க் கொலைச்சிந்து போல, நடந்த செய்தியை மெட்டுக்கட்டிப் பாடுவது. அந்தப் போட்டியில் 11 விக்கெட் எடுத்த ராமதீனின் முன்னோர், இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்கள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையின் பெயர் பாட்டில் ஏறியது.

நம் நாட்டில் பல்வங்கர் பாலுவுக்கு என்ன கிடைத்தது? ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த இந்தச் சுழற்பந்து வீச்சாளர், 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 100 விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவர். புனேயில் சக ஆட்டக்காரர்கள் உள்ளே தேநீர் குடிக்க, இவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். பந்தைத் தொடலாம், பாத்திரத்தைத் தொடக்கூடாது! எவ்வளவு திறமை காட்டியும் இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி அவருக்கு வரவில்லை. பிறகு 1923-ல் அவருடைய தம்பி விட்டல்தான் அந்த இடத்துக்கு வந்தார். இந்த அண்ணன் தம்பியின் பெயர் நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழ்த் திரை இந்தக் கதையைப் பேசத் தொடங்கியிருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த 'ப்ளூ ஸ்டார்' அரக்கோணத்தின் இரு தெரு அணிகளுக்கு நடுவே நிற்கும் சாதியைக் காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'லப்பர் பந்து' படத்தில், நன்றாக ஆடும் இளைஞனைச் சாதி பார்த்து அணிக்கு வெளியே நிறுத்துகிறார்கள். அதே படத்தில் கெத்து என்ற ஆட்டக்காரர் மட்டையோடு இறங்கினால், 1989-ல் வந்த 'பொன்மனச் செல்வன்' படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாட்டு ஒலிக்கும். ஒருவனுக்கு வரவேற்புப் பாட்டு; இன்னொருவனுக்கு அணியிலேயே இடமில்லை.

நம் கண்மாய்க்குத் திரும்புவோம். கோப்பை வாங்கியதும் தப்பு அடிக்கக் காலனிப் பையனைக் கூப்பிட்டுவிட்டு, பதினோரு பேரில் அவனைச் சேர்க்காவிட்டால், அது இழவு வீட்டில் வாங்கிய அதே பழைய வேலைதான். இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. அதே தப்பை அவன் தன் அணியின் வெற்றிக்குத் தானே விரும்பி அடித்தால் அது கலை, கொண்டாட்டம்.

டோர்னமென்ட் நடத்துவோர் செய்யக்கூடியவை எளியவை. சாதிப் பெருமை பேசும் பாட்டுகளை மைக்செட்டில் போட வேண்டாம். எந்தத் தெரு அணி ஆடினாலும் ஒரே மாதிரி அறிவிப்பு, ஒரே மாதிரி பாட்டு இருக்கட்டும். குடிதண்ணீர்க் குடமும் டம்ளரும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சினிமாப் பாட்டுக்குக் காத்திருக்காமல், உங்கள் அணிக்கு நீங்களே மெட்டுக் கட்டுங்கள். தெருவில் நன்றாக ஆடிய அண்ணன்மார், ஆடும் தங்கைகள் பெயரையெல்லாம் அதில் சேருங்கள். ஸ்கோர் நோட்டு தொலைந்துபோகும். வாய்க்கு வாய் பாடும் பாட்டு நிற்கும்.