கைப்பேசி வாங்கப் போகிறீர்களா?

சென்ற ஆண்டு என் துணைவியார், சென்னையில் இருக்கும் எங்கள் மகளைப் பார்க்க நாக்பூரிலிருந்து தனியாக இரயிலில் புறப்பட்டார். மாலையில் ஏறினால் மறுநாள் காலை சென்னை. வண்டி விஜயவாடாவைத் தாண்டியபின் தாமதமாகி, நான்கு மணி நேரம் பின்தங்கியது. அது பெரிய விஷயமில்லை. ஆனால் அன்று விடியற்காலையிலேயே அவருடைய கைப்பேசி அணைந்துவிட்டது. நான் இங்கிருந்து பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அழைக்கிறேன். மகள் சென்ட்ரல் நிலையத்தில் கைக்குழந்தையோடு நின்றுகொண்டு அழைக்கிறாள். இருவருக்கும் ஒரே பதில்: "சுவிட்ச் ஆஃப்". அவர் சர்க்கரை நோயாளி. முப்பத்தைந்து ஆண்டுகள் இரயில்வேயில் பணியாற்றிய எனக்கு வண்டி எந்த நிலையத்தில் நிற்கிறது என்று தெரிந்தது. மனைவி எப்படி இருக்கிறார் என்று தெரியவில்லை.

பக்கத்து இருக்கைப் பெண்மணி தம் கைப்பேசியைக் கொடுத்து உதவ முன்வந்திருக்கிறார். ஆனால் என் துணைவியாருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண், பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒப்படைத்துவிட்ட வீட்டுத் தொலைபேசி எண்தான்!

நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. பிற்பகலில் அவர் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார். அன்று மாலையே புதுக் கைப்பேசி வாங்குவது என்று முடிவாயிற்று. "அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, பெரிய திரையாக வாங்குங்கள் அப்பா" என்றாள் மகள். "திரையைவிட பாட்டரிதான் முக்கியம்" என்றேன் நான். "எனக்குக் கையில் பிடிக்க முடிந்தால் போதும்" என்றார் உரியவர். இந்த மூன்று கோரிக்கைகளையும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் நான் கணக்குப் போட்டுப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. நம் சங்கத்து அன்பர்களில் பலர் என் வயதினர் என்பதால் அவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

எம்.ஏ.எச். என்றால் என்ன?

கடையில் முதலில் சொல்வது "ஐயாயிரம் எம்.ஏ.எச். சார்" என்பதுதான். மில்லி ஆம்பியர்-மணி என்பதன் சுருக்கம் அது. ஆயிரம் மில்லி ஆம்பியர்-மணி ஓர் ஆம்பியர்-மணி. ஆக, கைப்பேசியில் இருப்பது 5 ஆம்பியர்-மணி பாட்டரி.

இரயில் பெட்டிகளின் விளக்கு, மின்விசிறிப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு ஆம்பியர்-மணி பழகிய சொல். குளிர்சாதன வசதி இல்லாத பெட்டியின் அடியில் 110 வோல்ட், 120 ஆம்பியர்-மணி பாட்டரி இருக்கும். 120-ஐ 5-ஆல் வகுத்தால் 24. அப்படியானால் 24 கைப்பேசிகளைச் சேர்த்தால் ஒரு பெட்டிக்கு விளக்கெரிக்கலாமா? முடியாது. ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கினால்தான் உண்மையான மின்னாற்றல் தெரியும். பெட்டியில் 110 × 120 = 13,200 வாட்-மணி, அதாவது நம் வீட்டுக் கணக்கில் சுமார் 13 யூனிட். கைப்பேசியிலோ வோல்ட்டேஜ் ஏறக்குறைய 3.85, ஆகவே 5 × 3.85 = சுமார் 19 வாட்-மணி. ஒரு பெட்டியின் பாட்டரிக்கு ஈடாக 680-க்கும் மேற்பட்ட கைப்பேசிகள் வேண்டும்!

சாதாரணக் கைப்பேசிகள் எல்லாவற்றிலும் வோல்ட்டேஜ் ஏறக்குறைய ஒன்றே என்பதால், அவற்றுக்குள் எம்.ஏ.எச். எண்ணை ஒப்பிடுவதில் தவறில்லை. ஆனால் அது தொட்டியின் கொள்ளளவு மட்டுமே. குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. அந்தக் குழாய்களில் பெரியது திரை. அடுத்தது, கோபுரத்தோடு பேசும் ரேடியோ.

என் துணைவியாரின் கைப்பேசி ஏன் அணைந்தது என்று விபத்து விசாரணைபோல ஆராய்ந்தேன். காரணம் ஒன்றல்ல, மூன்று. இரவு வெகுநேரம் முழு வெளிச்சத்தில் தொடர் பார்த்திருக்கிறார். பல்லார்ஷாவுக்கு அப்பால் காட்டுப் பகுதியில் சிக்னல் குறைவு. சிக்னல் குறையக் குறையக் கைப்பேசி தன் ரேடியோவின் சக்தியைக் கூட்டும், ஓடும் வண்டியில் புதுப்புதுக் கோபுரங்களையும் தேடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, பாட்டரிக்கு வயது நான்கு. சார்ஜரோ இருக்கைக்கு அடியில் பூட்டிய பெட்டிக்குள்!

அங்குலக் கணக்கு

அடுத்து திரை. 6.5 அங்குலம் என்றால் மூலைக்கு மூலை அளந்த அளவு. அகலமும் அல்ல, உயரமும் அல்ல. இதில் ஒரு சூட்சுமம் உண்டு.

பத்து ஆண்டுகளுக்கு முன் 5.5 அங்குலக் கைப்பேசி 'பெரியது' எனப்பட்டது. அதன் திரை 16-க்கு 9 என்ற விகிதத்தில் இருந்தது. கணக்கிட்டால் அகலம் 68.5 மி.மீ. இன்று பரவலாக உள்ள 20-க்கு 9 விகிதத்தில் 6.5 அங்குலத் திரையின் அகலம் 67.75 மி.மீ. ஓர் அங்குலம் 'வளர்ந்தும்' அகலம் முக்கால் மி.மீ. குறைந்துவிட்டது! வளர்ந்ததெல்லாம் உயரம்தான்.

தமிழ் படிப்பவர்களுக்கு இது முக்கியம். நம் சொற்கள் நீளமானவை. 'கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரு சொல், எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் பாதி வரியை அடைத்துக்கொள்ளும். ஆகவே படிக்க உதவுவது அகலமே. மூலைக்கு மூலை அளவு அன்று. நிறுவனங்கள் தரும் விவரப் பட்டியலில் கைப்பேசியின் அகலம் மி.மீ. கணக்கில் இருக்கும். அதைப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 2025 தொடக்கத்தில் சாம்சங் வெளியிட்ட கேலக்ஸி எஸ்25-இன் திரை 6.2 அங்குலம், அகலம் 70.5 மி.மீ., எடை 162 கிராம், பாட்டரி 4000. அதன் அண்ணனான எஸ்25 பிளஸ்ஸின் திரை 6.7 அங்குலம், அகலம் 75.8 மி.மீ., எடை 190 கிராம், பாட்டரி 4900. அரை அங்குலம் கூடுதலால் அகலத்தில் கிடைப்பது ஐந்து மி.மீ.க்குச் சற்று அதிகம். எழுத்து எட்டு சதவீதம் பெரிதாகும். அமைப்புகளுக்குள் சென்று எழுத்தின் அளவை ஓரிரு படி உயர்த்தினால் இதைவிட அதிகப் பயன் கிடைக்கும், செலவுமில்லை, எடையுமில்லை. ஆனால் வரிக்கு எத்தனை சொல் அடங்கும் என்பதில் பெரிய திரை வெல்லும்.

பெரிய திரை பாட்டரியைத் தின்னுமா?

தின்னும். 6.2-லிருந்து 6.7 ஆனால் பரப்பு ஏறக்குறைய 17 சதவீதம் கூடுகிறது. ஆனால் பெரிய உடம்பில் பெரிய பாட்டரிக்கும் இடம் உண்டு. மேற்சொன்ன அண்ணன் தம்பியரில் பாட்டரி 22 சதவீதத்திற்கு மேல் கூடியிருக்கிறது. மேலும் ரேடியோவும் மற்ற மின்சுற்றுகளும் திரையோடு சேர்ந்து பருப்பதில்லை. ஆகவே ஒரே குடும்பத்தில் பெரியது பெரும்பாலும் நீடித்து உழைக்கும். ஆப்பிள் நிறுவனம் தொடர்ந்து வீடியோ பார்க்கும் நேரமாக, 2024-இல் வந்த ஐபோன் 16-க்கு (6.1 அங்குலம்) 22 மணி என்றும், 16 பிளஸ்ஸுக்கு (6.7 அங்குலம்) 27 மணி என்றும் அறிவித்தது. வீட்டில் இவ்வளவு வராது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இருப்பினும் குடும்பம் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். கிராஃபைட்டுடன் சிலிக்கானையும் கலந்து செய்த புதுவகை மின்கலங்கள் வந்தபின், 2025-இல் நம் நாட்டிலேயே 7000 எம்.ஏ.எச்.ஐத் தாண்டிய கைப்பேசிகள் விற்பனைக்கு வந்தன. சிறிய கைப்பேசிகளுக்கும் இதனால் நல்ல காலம்.

திரையின் வகையும் பார்க்கத்தக்கது. எல்.சி.டி. திரையில் பின்விளக்கு எப்போதும் எரியும், ஓ.எல்.இ.டி. திரையில் கறுப்பான இடம் அணைந்தே இருக்கும். அதனால் இதில் கறுப்புப் பின்னணி வைத்தால் மிச்சமாகும் என்பார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021-இல் அளந்து பார்த்தபோது, முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சமாயிற்று. பாதி வெளிச்சத்திலும் அதற்குக் கீழும் 3 முதல் 9 சதவீதம்தான். பாடம் எளிது: முதலில் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

மூன்றாம் ஆண்டின் மாலை

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. பாட்டரியின் பெயர்ப் பலகையில் இருப்பது பிறந்தநாள் எடை. இரயில் பெட்டியின் பாட்டரியில் 120 என்று எழுதியிருக்கும். சில ஆண்டுகள் ஓடியபின் இறக்கிச் சோதித்தால் 90 தருவதே அரிது. கைப்பேசிக்கும் அதே விதிதான்.

லித்தியம் அயனி மின்கலத்தின் வயதைச் 'சுற்று' என்று கணக்கிடுவார்கள். நூறு சதவீத மின்சாரம் செலவானால் ஒரு சுற்று. இரு நாட்களில் ஐம்பது ஐம்பதாகச் செலவிட்டாலும் அது ஒரே சுற்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் கைப்பேசிகள் 800 சுற்றுக்குப் பிறகும் குறைந்தது 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும் என்று விதி வந்தது. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் நட்சத்திரச் சீட்டுபோல, ஒரு முறை சார்ஜ் செய்தால் எத்தனை மணி நிமிடம் ஓடும், எத்தனை சுற்று தாங்கும் என்ற சீட்டும் அங்கே கட்டாயம். நீங்கள் விரும்பும் மாடல் அங்கும் விற்பனையானால் இணையத்தில் அந்தச் சீட்டைப் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகளைக் கேளுங்கள். சில மாடல்களில் நாட்டுக்கு நாடு பாட்டரி அளவு மாறுவதுண்டு, அதைச் சரிபார்த்துக்கொள்க.

தினம் ஒரு சுற்று என்றால் 800 சுற்று இரண்டேகால் ஆண்டில் முடிந்துவிடும். அப்போது உங்கள் 5000, 4000 ஆகியிருக்கும். ஆகவே வாங்கும் நாளின் காலையை நினைத்து வாங்காதீர்கள். மூன்றாம் ஆண்டின் ஒரு மாலையை நினைத்து வாங்குங்கள்.

கடைக்குப் போகுமுன்

முதலில் உங்கள் தேவையை அளந்துகொள்ளுங்கள். பழைய கைப்பேசியை முழுதும் சார்ஜ் செய்து, வழக்கம்போல் ஒரு வாரம் பயன்படுத்தி, இரவு படுக்கும்போது எத்தனை சதவீதம் மீதம் என்று தினமும் குறித்து வையுங்கள். அமைப்புகளில் பாட்டரிப் பகுதியைத் திறந்தால் எது எவ்வளவு தின்றது என்ற பட்டியலும் இருக்கும். புதுக் கைப்பேசி முதல் மாதத்தில் இரவு படுக்கும்போது 40 சதவீதம் மீதம் வைத்தால், மூன்றாம் ஆண்டிலும் ஏறக்குறைய 25 சதவீதம் மீதமிருக்கும். முதல் மாதமே 15 என்றால், மூன்றாம் ஆண்டில் மாலைக்குள் அணைந்துவிடும்.

அடுத்து, கடையில் செய்ய வேண்டியவை. நீங்கள் படிக்கும் கண்ணாடியை அணிந்துகொள்ளுங்கள். ஒரு தமிழ்ச் செய்தியைத் திறந்து, எழுத்தை உங்களுக்கு வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிப் படித்துப் பாருங்கள். பிறகு இன்னொரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு, ஒரே கையால் அழைப்பை எடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் எட்டவில்லை என்றாலோ, மணிக்கட்டு வலித்தாலோ அந்தக் கைப்பேசி உங்களுக்கு இல்லை. விரலுக்குத் தக்க வீக்கம் என்பது இதற்கே பொருந்தும்.

நீண்ட பயணம் செய்பவர்கள் 10,000 எம்.ஏ.எச். பவர் பாங்க் ஒன்று வைத்துக்கொள்ளலாம். அது 5000 கைப்பேசியை இரண்டு முறை நிரப்பும் என்று எண்ண வேண்டாம். வோல்ட்டேஜ் மாற்றத்தில் இழப்பு உண்டு, ஒன்றரை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தீ விபத்தைத் தவிர்க்க இரவு 11 முதல் காலை 5 வரை பெட்டிகளில் சார்ஜ் முனைகளுக்கு மின்சாரத்தை நிறுத்தும் ஏற்பாட்டை 2021-இல் இரயில்வே கொண்டுவந்தது. ஆகவே இரவு படுக்கப் போகுமுன் சார்ஜ் செய்துவிடுவது நல்லது. சிக்னல் இல்லாத இடத்தில் 'விமானப் பயண' நிலையில் வைத்துவிட்டுத் தூங்கலாம்.

எங்கள் வீட்டில் முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடையில் பெரியதை எடுத்துப் பார்த்த என் துணைவியார், பையைப் பிடித்தபடி அழைப்பை எடுக்க முயன்றபோது அது கையிலிருந்து நழுவி மேசைமேல் விழுந்தது. அகலம் குறைந்த, ஆனால் பாட்டரி பெரிதான ஒன்றை வாங்கினோம். எழுத்தை இரண்டு படி உயர்த்தி வைத்தேன். வரிக்கு மூன்று சொல்தான் வருகிறது. "பரவாயில்லை, நிதானமாகப் படிக்கிறேன்" என்கிறார். தொடர்களை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கிறார். மகள் தோற்றாள், நான் பாதி வென்றேன், உரியவர் முழுதும் வென்றார். அதுதான் முறையும்.

கடைசியாக ஒன்று. எந்தக் கைப்பேசி வாங்கினாலும், அதில் எத்தனை ஆயிரம் எம்.ஏ.எச். இருந்தாலும், ஒருநாள் அது அணையத்தான் போகிறது. என் துணைவியாரின் பணப்பையில் இப்போது ஒரு சிறு அட்டை இருக்கிறது. அதில் என் எண், மகளின் எண், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்கள் ஆகியவற்றை நானே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதற்குச் சார்ஜ் தேவையில்லை. இதைப் படித்து முடித்ததும், கைப்பேசி வாங்குவதற்கு முன்பே, நீங்களும் ஒன்று எழுதி வைத்துவிடுங்கள்.