பணியாரக் கல்லில் மஃபின்

பங்காருப்பேட்டையில் பிரிந்து, கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்னும் நிலையங்களைக் கடந்து செல்லும் சிறிய ரயில் பாதை மாரிகுப்பத்தோடு முடிவடைகிறது. கோலார் தங்கச் சுரங்கங்களின் பொருட்டு 1894-ஆம் ஆண்டில் அமைந்த பாதை அது. வடஆர்க்காட்டிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரங்களிலிருந்தும் பிழைப்பைத் தேடி இங்கு வந்து குடியேறிய தமிழ் மக்கள், தத்தம் ஊர்ச் சமையலையும் உடன் கொண்டு வந்தார்கள். அச்சமையலுக்குரிய கலங்களுள் ஒன்று பணியாரக் கல். கல் என்று சொல்லுகிறோமேயன்றி, பழைய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் வார்ப்பிரும்பே.

இந்தக் கல்லைப்பற்றி இப்போது பேசவேண்டிய அவசியம் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் பலர் நாள்தோறும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குச் சென்று உழைத்து இரவு திரும்புகிறார்கள். வேறு பலர் குடும்பத்தோடு அங்கேயே குடிபெயர்ந்துவிட்டார்கள். மாடி வீட்டில் ஒற்றை அறைக்குக் குடிபோகிறவர்கள், மூட்டை கட்டும்போது முதலில் கழித்துவிடுவது எடை மிகுந்த பொருளைத்தான். துருவேறிய பணியாரக் கல் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறிவிடுகிறது. சில மாதம் சென்றபின், பள்ளியிலிருந்து வரும் குழந்தை மஃபின் வேண்டும் என்று கேட்க, அதே குடும்பம் அதற்கென்று மெல்லிய தகட்டில் குழிகள் அமைந்த புதிய தட்டு ஒன்றை விலை கொடுத்து வாங்குகிறது. விற்ற பொருளே வாங்கிய பொருளைவிட அந்த வேலைக்கு ஏற்றது என்பதைத்தான் நான் விளக்க விரும்புகிறேன்.

மஃபின் என்னும் பெயரில் இரு பண்டங்கள் உண்டு. இங்கிலாந்தில் அப்பெயர் பெற்றது, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்து, தோசைக்கல் போன்ற தட்டையான இரும்பில் இருபுறமும் வாட்டி எடுக்கும் வட்ட ரொட்டி. இன்று நம் கடைகளில் மஃபின் என்று விற்பதோ அமெரிக்க வகை: கோதுமை மாவும் பாலும் முட்டையும் கலந்து, பேக்கிங் பவுடரால் உப்பச் செய்து, குழிகளில் வார்த்துச் சுடும் சிறு ரொட்டி. அதற்கென்று இன்று மெல்லிய தகட்டுத் தட்டுகள் வந்துவிட்டனவாயினும், ஆதியில் அதுவும் இரும்புக் குழியில் வெந்ததே. பல குழிகள் கொண்ட வார்ப்பிரும்புத் தட்டு ஒன்றுக்குப் பாஸ்டன் நகரத்து நதானியேல் வாட்டர்மன் என்பவர் 1859-இல் காப்புரிமை பெற்றார். அத்தட்டைப் பார்க்கும் தமிழர் எவரும் இது நம் வீட்டுப் பணியாரக் கல்லின் ஒன்றுவிட்ட சகோதரம் என்றே சொல்வர்.

உறவு இத்துடன் நிற்கவில்லை. தெலுங்கர் குண்ட பொங்கனாலு என்கிறார்கள். கன்னடத்தார் குளியப்பா என்கிறார்கள். நாம் குழிப்பணியாரம் என்கிறோம். மூன்று பெயரிலும் முன்னிற்பது குழியே. மூன்று மொழியாரும் அடுத்தடுத்து வாழும் தங்கவயலில் இதைப் பெரிதாக விளக்கவேண்டியதில்லை. டென்மார்க்கு நாட்டார் எப்லஸ்கீவர் என்னும் இனிப்புருண்டையை இத்தகைய கல்லிலேதான் சுடுகிறார்கள். ஜப்பானில் ஒஸாகா நகரத்தார் கணவாய் இனத்து மீன் துண்டை உள்ளே வைத்துத் தகோயாகி செய்வதும் குழியில்தான்.

மாரிகுப்பத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஜான் டெய்லர் நிறுவனத்தார் 1880-இல் இங்குச் சுரங்கப் பொறுப்பேற்றபின், ஆங்கிலேய அதிகாரிகளும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இங்கு நிலைபெற்றார்கள். ரொட்டியும் கேக்கும் சுடும் வழக்கம் அவர்களுடையது. அக்குடும்பங்களின் சமையலைத் தங்கவயலில் பிறந்து வளர்ந்த பிரிட்ஜெட் வொயிட்-குமார் தம் நூல்களில் பதிவு செய்திருக்கிறார். பங்களாக்களில் ரொட்டி அடுப்பு இருந்தது. தொழிலாளர் குடியிருப்பில் இல்லை. ஆனால், கனத்த இரும்பும் அதற்கேற்ற மூடியும் உள்ள வீட்டில், ரொட்டி அடுப்பு செய்யும் காரியத்தில் பெரும்பகுதி முன்பே இருக்கிறது.

எவ்வாறு என்று பார்ப்போம். வார்ப்பிரும்பில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கார்பன் கலந்திருக்கிறது. சுத்த இரும்பு உருக 1,538 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். இக்கலப்போ சுமார் 1,200 டிகிரியிலேயே உருகிப் பாய்கிறது. ஆகையால் மணல் அச்சில் ஊற்றிக் குழிகளை எளிதில் வார்க்க முடிகிறது. ஆனால் அதே கார்பன் இரும்பை நொறுங்கும் தன்மையதாக்கிவிடுவதால், மெல்லியதாக வார்க்க இயலாது, தடித்தே வார்க்கவேண்டும். பயன் முழுவதும் அந்தத் தடிப்பில்தான் இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் அலுமினியமே இரும்பைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு வெப்பத்தை ஏற்கும். எனினும் இரண்டரைக் கிலோ எடையுள்ள இரும்புக் கல்லையும், அரைக் கிலோ எடையுள்ள அலுமினியத் தட்டையும் ஒரே அளவு சூடாக்கினால், இரும்பில் சேர்ந்திருக்கும் வெப்பம் இரு மடங்குக்கு மேல் ஆகும். குளிர்ந்த மாவை ஊற்றியவுடன் தகட்டின் சூடு சட்டென இறங்கிவிடுகிறது. கனத்த இரும்போ சேமித்து வைத்த சூட்டை விடாமல் மாவுக்கு ஈந்துகொண்டே இருக்கிறது. மாவின் ஓரம் உடனே இறுகிப் பொன்னிற மேலோடு உண்டாகிறது. உள்ளே இருக்கும் வாயு வெளியேற வழியின்றி மேல்நோக்கித் தள்ளுகிறது. மஃபின் குடை விரித்தாற்போல் எழும்புகிறது.

இரும்பிடம் குறையும் உண்டு. வெப்பத்தைப் பக்கவாட்டில் கடத்துவதில் அது அலுமினியத்துக்கு நான்கில் ஒரு பங்கு திறமை உடையது. நடுக்குழி கருகும்போது ஓரக்குழி வேகாமல் நிற்பதற்குக் காரணம் இதுவே. கல்லைச் சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம் பொறுமையாகக் காயவிடவேண்டும். மாவை ஓரக்குழிகளில் முதலிலும் நடுக்குழியில் கடைசியிலும் ஊற்றவேண்டும். எடுப்பதோ நடுக்குழியிலிருந்து தொடங்கவேண்டும். நம் பாட்டிமார் இதைப் பௌதிகம் படித்துச் செய்யவில்லை.

இனி மாவு. கோலார் நாடு கேழ்வரகு நாடு. ஆதலால் கேழ்வரகையும் சேர்த்தே அளவு சொல்லுகிறேன். மைதா 120 கிராம், கேழ்வரகு மாவு 60 கிராம், பொடித்த வெல்லம் 80 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. இவற்றை ஒன்றாகச் சலித்துக்கொள்க. ஒரு முட்டை, 150 மில்லி பால், 50 மில்லி உருக்கிய வெண்ணெய் அல்லது எண்ணெய். இவற்றைத் தனியே அடித்துக்கொள்க. பின்னர் இரண்டையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு முறை மட்டும் கிளறுக. கட்டிகள் சில நின்றாலும் கவலையில்லை. தோசை மாவைப்போல் அடித்துக் கலக்கும் கை இங்குச் சற்று அடங்கவேண்டும். கலக்கக் கலக்கக் கோதுமையிலுள்ள பசைப்பொருள் நார்போல் இழுபட்டு, மஃபின் தோல்போல் ஆகிவிடும். கேழ்வரகில் அப்பசை இல்லை. மென்மை தருவது அதனால். அதுவே மிகுந்தால் பண்டம் உதிர்ந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு போதும் என்று சொன்னது இதுபற்றியே.

பேக்கிங் பவுடர் கைவசம் இல்லாதவர்கள் ஆப்பசோடா அரைத் தேக்கரண்டியும், பாலுக்குப் பதில் புளித்த மோரும் சேர்க்கலாம். புளிப்பும் சோடாவும் கூடும்போது கரியமில வாயு பிறக்கிறது. பேக்கிங் பவுடர் என்பது அந்தப் புளிப்பையும் உலர்ந்த பொடியாகவே சோடாவுடன் கூட்டி வைத்ததன்றி வேறன்று. எவ்வாறாயினும் மாவு காத்திருக்கலாகாது. ஏழு குழிக் கல் உடையவர்கள் ஒரு தடவைக்குப் பாதியளவே கலப்பது நலம்.

குழி ஒவ்வொன்றிலும் எண்ணெய் தடவி, முக்கால் அளவுக்குக் குறைவாக மாவை ஊற்றி, மூடியிட்டுச் சிறு தீயில் மூன்று நிமிடம் விடுக. மேற்புறம் ஈரம் வற்றிக் குமிழிகள் உடையும்போது, கம்பியால் திருப்பி மேலும் இரண்டு நிமிடம் வாட்டுக. வெல்லம் விரைவில் கருகும். தீ ஒருபோதும் ஓங்கக்கூடாது. கரியடுப்பு உள்ளவர்கள் கனத்த இரும்பு மூடியின்மேல் தணலைப் பரப்பினால், திருப்பவேண்டிய அவசியமே இல்லை. மேலும் கீழும் வெப்பம் பெற்று அது முழு ரொட்டி அடுப்பாகிவிடும். ஆனால் காற்றோட்டம் இல்லாத அறையில் தணல் வைத்தல் உயிருக்கே ஆபத்து. திறந்த முற்றத்திலன்றி இதைச் செய்யலாகாது. மின்சார ரொட்டி அடுப்பு உடையோர், வெறும் கல்லை அதனுள் 200 டிகிரியில் கால் மணி நேரம் காயவைத்து, பின் மாவை ஊற்றிப் பன்னிரண்டு முதல் பதினான்கு நிமிடம் சுடலாம். மரக் கைப்பிடி உள்ள கல்லானால் பிடியை முன்பே கழற்றிவிடவேண்டும். காந்தத் தூண்டல் அடுப்பில், அடிப்பாகம் தட்டையான கல் மட்டுமே பயன்படும். அடியில் குழிகள் புடைத்து நிற்கும் பழைய கல் அதற்கு ஒத்துவராது.

இரும்புக் கலத்தில் சமைத்தால் இரத்தசோகை நீங்கிவிடும் என்று சிலர் அடித்துச் சொல்லுகிறார்கள். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுப் பெண்களில், 15 முதல் 49 வயதுக்குட்பட்டோருள், 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆகவே இதை விளையாட்டாகப் பேசலாகாது. புளிப்பும் ஈரமும் உள்ள பண்டம் நெடுநேரம் இரும்பில் வேகும்போது உணவில் இரும்புச்சத்து கூடுவது உண்மையே, புளிக்குழம்பு அத்தகையது. ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும் மஃபினில் சேர்வது சொற்பம். இரத்தசோகை உள்ளவர்கள் மருத்துவர் தரும் மாத்திரையைக் கைவிடலாகாது. கல்லை வைத்துக்கொள்வதற்கு வேறு நல்ல காரணங்கள் போதிய அளவு இருக்கின்றன.

துருவேறிய கல்லைத் திருத்தும் வகை எளிது. முதலில் அதைத் தொங்கவிட்டு விரலால் தட்டிப் பார்க்கவேண்டும். மணிபோல் ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் விரிசல் கண்டிருக்கிறது. விரிசல் கண்ட கல் இரும்புக் கடைக்கே போகட்டும். நல்ல கல்லைப் புளித்த கஞ்சியிலோ அரிசி கழுவிய நீரிலோ ஓரிரவு ஊறவைத்துத் தேங்காய் நார்கொண்டு தேய்க்கவேண்டும். கஞ்சியின் மெல்லிய புளிப்பு துருவை இளக்கும். நீரை மாற்றி இரண்டு மூன்று நாள் இவ்வாறு செய்து, கழுவியவுடன் அடுப்பிலேற்றி ஈரம் அறவே போக்குக.

அடுத்தது பழக்குதல். நல்லெண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, துணியால் துடைத்து, எண்ணெய் தடவினதே தெரியாத நிலையில் கல்லைப் புகையுமளவு சூடாக்கி ஆறவிடவேண்டும். இதனை நான்கைந்து முறை திரும்பச் செய்க. வெப்பத்தாலும் காற்றாலும் எண்ணெய் தன் இயல்பு மாறி, இரும்போடு ஒட்டிய கடினமான கருமைப் படலமாகிறது. தேங்காயெண்ணெய் அவ்வளவு எளிதில் இவ்வாறு இறுகாது. எண்ணெயைத் தாராளமாகப் பூசுகிறவர்களுக்குப் படலம் கிடைக்காது, பிசுக்குத்தான் கிடைக்கும். சூடான கல்லின்மேல் குளிர்ந்த நீரைக் கொட்டாதிருக்கவேண்டும். சுருங்கும் வேகம் தாளாமல் வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

இவ்வளவும் செய்தபின் முதல் நாள் மஃபின் சுட முற்படவேண்டாம். வெல்லம் கலந்த மாவு புதிதாய்ப் பழகிய கல்லில் ஒட்டிக்கொள்ளும். சின்ன வெங்காயத்தை அரிந்து எண்ணெயில் ஒவ்வொரு குழியிலும் வதக்கி எடுத்துவிட்டு, காரப் பணியாரம் இரண்டு மூன்று ஈடு ஊற்றுக. முதல் ஈடு பிய்ந்து வரும். அதை வீட்டார் தின்றுவிடலாம். மூன்றாவது ஈட்டில் பணியாரம் கம்பி பட்டதும் தானே கழன்று குழிக்குள் உருளும். அன்று மாலையே மஃபின் மாவைக் கலக்கலாம்.