மணலில் எழுதியவர்களும் மார்தட்டியவர்களும்



இங்கிலாந்துக்காரரும் ஸ்காட்லாந்துக்காரரும் பக்கத்து வீட்டுப் பங்காளிகள் போன்றவர்கள். 1707ஆம் ஆண்டு இரு நாடுகளும் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் வந்தன. ஆனாலும் யார் அதிகம் படித்தவர்கள், யார் அதிகம் சாதித்தவர்கள் என்ற போட்டி மட்டும் ஓயவில்லை. 1755இல் வெளிவந்த தம் ஆங்கில அகராதியில் சாமுவேல் ஜான்சன், ஓட்ஸ் என்ற தானியம் இங்கிலாந்தில் குதிரைகளுக்கும் ஸ்காட்லாந்தில் மனிதர்களுக்கும் உணவு என்று குத்திக்காட்டினார். (அந்த ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதி அவருக்குப் புகழ் சேர்த்த பாஸ்வெல் ஒரு ஸ்காட்லாந்துக்காரர்!)

ஸ்காட்லாந்துக்காரர்கள் பதிலுக்குத் தங்கள் கல்விக்கூடங்களைக் காட்டினார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்று இரண்டே பல்கலைக்கழகங்கள் இருந்த காலத்தில், சின்னஞ்சிறு ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ, அபர்டீன், எடின்பரோ ஆகிய நகரங்களில் பல்கலைக்கழகங்கள் இருந்தன. ஒவ்வொரு பங்குத்தளத்திலும் பள்ளி வேண்டும் என்று அங்கே 1696இலேயே சட்டம் இயற்றினார்கள். இங்கிலாந்து முழுவதற்கும் தொடக்கப் பள்ளிகள் கிடைக்க வழிசெய்த சட்டம் 1870இல்தான் வந்தது.

இந்த இடத்தில் நமக்கும் சற்றுப் பெருமை வரலாம். ஏனென்றால் அந்தப் பல்கலைக்கழகங்களில் மூத்த மூன்றையும் 15ஆம் நூற்றாண்டில் உருவாக்கியவர்கள் வார்ட்லா, டர்ன்புல், எல்பின்ஸ்டன் என்ற கத்தோலிக்க ஆயர்கள். 1451இல் கிளாஸ்கோவுக்கான ஆணையை வழங்கியவர் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ். ஆனால் அவசரப்பட வேண்டாம். மற்றவர்களின் போட்டியைப் பற்றிப் பேசும்போதே நாமும் மார்தட்டத் தொடங்கிவிடுகிறோம், பாருங்கள்!

இந்தப் போட்டியில் நம் சென்னையும் ஒருமுறை சிக்கிக்கொண்டது.

ஆண்ட்ரூ பெல் 1753இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்தவர். அங்கேயே படித்து, பின்னர் ஆங்கிலிக்கன் சபையின் போதகரானவர். 1789இல் சென்னை எழும்பூரில், ஆங்கிலேயப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அந்தப் பிள்ளைகளில் பலருடைய தாய்மார்கள் இந்தியப் பெண்கள். ஒருநாள் காலை, வழியில் ஒரு 'மலபார்' பள்ளியில் சிறுவர்கள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படிப்பதைப் பெல் கண்டார். (அக்காலத்து ஆங்கிலேயர்கள் தமிழரை மலபார்கள் என்றே அழைத்தனர்.) இதைத் தம் பள்ளியிலும் செய்யச் சொன்னபோது உதவி ஆசிரியர்கள் இயலாது என்றார்கள். பெல், படைவீரர் ஒருவரின் மகனான எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, சிறிய பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் வேலையை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியர்களால் முடியாதது அவனால் முடிந்தது. பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இந்த முறையைப் பற்றி 1797இல் இலண்டனில் நூல் வெளியிட்டார்.

மணலைச் சென்னையில் பார்த்ததாகப் பெல் மறைக்காமல் சொன்னார். ஆனால் மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிப்பது தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே கருதினார். திண்ணைப் பள்ளியையும் சட்டாம்பிள்ளையையும் அறிந்த நமக்குச் சிரிப்புத்தான் வரும். 1623ஆம் ஆண்டிலேயே இத்தாலியப் பயணியான பியேத்ரோ தெல்லா வல்லே, இன்றைய கர்நாடகப் பகுதியில் நான்கு சிறுவர்கள் ஆசிரியர் இல்லாமல், இராகம் போட்டுச் சொல்லி, மணலில் எழுதி, ஒருவருக்கொருவர் கணக்குக் கற்றுக்கொண்டதை வியந்து எழுதியிருக்கிறார்.

இதற்கிடையில் இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்ற ஆங்கிலேய இளைஞர் 1798இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, இதே போன்ற முறையில் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கற்பித்தார். அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். தொடக்கத்தில் பெல்லுக்கு நன்றி சொன்னார். 1804இல் அவரை நேரில் சென்றும் சந்தித்தார். ஆனால் இருவருக்கும் ஆதரவாளர்கள் சேரச்சேர, யார் முதலில் கண்டுபிடித்தார் என்ற சண்டை மூண்டது. பெல்லின் பக்கம் ஆங்கிலிக்கன் சபையின் 'தேசியக் கழகம்' 1811இல் எழுந்தது. லங்காஸ்டரின் நண்பர்கள் வேறொரு கழகம் வைத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், எடின்பரோவிலிருந்து வெளிவந்த இதழ் ஆங்கிலேயரான லங்காஸ்டரை ஆதரித்தது. இலண்டன் இதழோ ஸ்காட்லாந்துக்காரரான பெல்லை ஆதரித்தது. கட்சி என்று வந்துவிட்டால் சொந்த ஊர்கூட மறந்துபோகும் போலும்.

கொரிந்து நகரத் திருஅவையிலும் இப்படித்தான் நடந்தது. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று அவர்கள் பிரிந்து நின்றார்கள். நடுவதும் நீர் பாய்ச்சுவதும் பணியாளரின் வேலை, விளையச் செய்பவர் கடவுளே என்று பவுலடியார் அவர்களுக்கு நினைவூட்டினார். அதோடு விடவில்லை. பிறரிடமிருந்து பெறாதது உங்களிடம் என்ன இருக்கிறது என்றும் கேட்டார் (1 கொரி 3, 4 அதிகாரங்கள்). அந்தக் கேள்வியைப் பெல்லிடமும் லங்காஸ்டரிடமும் கேட்க அன்று யாரும் இல்லை.

கட்சிகளின் சண்டையில் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? ஏழைகளின் பிள்ளைகளுக்குச் செலவு பிடிக்கும் கல்வியோ, எழுத்தும் கணக்குமோகூட வேண்டியதில்லை என்று பெல் எழுதினார். லங்காஸ்டரோ, தவறு செய்த சிறுவர்களைக் கூடையில் வைத்துக் கூரையில் தொங்கவிடும் அளவுக்குத் தண்டனைகளை வகுத்தார். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இரண்டுமே சிக்கல். ஒரு பக்கம் ஆங்கிலிக்கன் மறைக்கல்வி கட்டாயம். மறுபக்கம் எந்தத் திருஅவையின் போதனையும் இல்லாத விவிலிய வாசிப்பு.

வறுமையில் அயர்லாந்திலிருந்து வந்து குவிந்த குடும்பங்களுக்காக இங்கிலாந்தின் ஆயர்கள் 1847இல் ஏழைப் பள்ளிகளுக்கென ஒரு குழு அமைத்தார்கள். 1852இல் வெஸ்ட்மின்ஸ்டர் மறைமாநிலச் சங்கத்தில் கூடியபோது, கோவில் கட்டுவதைவிட நல்ல பள்ளி எழுப்புவதற்கு முதலிடம் தரச் சொன்னார்கள். ஞாயிறு திருப்பலிக்குச் சரியான கூரைகூட இல்லாத பங்குகளைப் பார்த்து அவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

லங்காஸ்டர் கடனில் மூழ்கி, தம் நண்பர்களோடும் முறித்துக்கொண்டு அமெரிக்கா சென்றார். 1838இல் நியூயார்க் தெருவில் வண்டி மோதி இறந்தார். பெல் 1832இல் பெருஞ்செல்வராக இறந்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் அவருடைய சொந்த ஊரில் ஒரு பள்ளி எழுந்து, 1833இல் திறக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் கடற்கரை நகரமான செயின்ட் ஆண்ட்ரூஸில் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. அதன் பெயர் 'மெட்ராஸ் காலேஜ்'.