போகும் என்றொரு ஊர்!

நான் படிக்கப் போன ஊரின் பெயர் போகும். நிஜமாகத்தான் சார்! ஜெர்மனியில், ரூர் என்கிற பழைய நிலக்கரிப் பிரதேசத்தில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் சொல்லும்போது நடுவில் லேசாகத் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். நம் காதுக்கு 'போகும்' என்றுதான் விழும்.

"தம்பி எங்கம்மா படிக்குது?" என்று திண்டிவனம் மார்க்கெட்டில் யாராவது கேட்டால், அம்மா "போகும்" என்பாள். "சரி, போவட்டும். எந்த ஊருக்குப் போவுது?" என்பார்கள். "அதான் சொல்றேனே, போகும்!" கத்திரிக்காய்க்காரர் குழம்பிப்போய், எடையில் ரெண்டு காய் கூடப் போட்டுவிடுவார்.

2024 அக்டோபரிலிருந்து 2025 பிப்ரவரி வரை ஒரே ஒரு செமஸ்டர். கல்லூரியின் பரிமாற்றத் திட்டம் என்பதால் ஃபீஸ் இல்லை. ஆனால், விசா வேண்டுமென்றால் அங்கே சாப்பிட்டு வாழப் பணம் இருக்கிறது என்று காட்டவேண்டும். மாசத்துக்கு 992 யூரோ கணக்கில், ஆறு மாசத்துக்கு 5,952 யூரோவை பாங்கில் போட்டு முடக்கிவிட வேண்டியிருந்தது. ஐந்தரை லட்ச ரூபாய்! பாங்க் லோன் போட்டும் துண்டு விழுந்தது. அம்மாவின் நாலு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

அப்பா, விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே வேலை பார்த்து ரிட்டயரானவர். திண்டிவனத்தில் பாசஞ்சர் பிடித்து மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று தினம் போய் வந்த மனுஷர். வாலிபத்தில் விழுப்புரத்தில் பந்து ஆடியிருக்கிறார். 'ரைட் அவுட்'. ஒரு மேட்சில் முட்டி போனது. அதோடு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். டி.வி.யில் ஃபுட்பால் வந்தால் சேனலை மாற்றுவார். பரண் மேல் டிரங்குப் பெட்டியில் மட்டும் பதினோரு பேர் நிற்கிற பழைய போட்டோ ஒன்று உண்டு. ஓரத்தில் ஒல்லியாக அப்பா!

செமஸ்டர் முடிந்தபோது என் கையில் 240 யூரோ மிச்சம். ஏறக்குறைய இருபத்தோராயிரம் ரூபாய். ஒரு வளையலையாவது மீட்கலாம். ஊருக்குக் கிளம்பப் பத்து நாள் இருந்தது. அப்பா போன் பண்ணினார்.

"கையில இன்னா மிச்சம் இருக்குது?"

"பெரிசா ஒண்ணுமில்லப்பா..."

சொல்லிவிட்டேன். பொய் சொன்னால் பகவான் கண்ணைக் குத்துவார் என்பார்கள். என்னை ஜெர்மன் குளிர் குத்தியது.

அந்தப் பணத்தில் நான் கிளம்பியது ஸ்டேடியம் பார்க்க. ரயில் செலவு இல்லை. செமஸ்டர் கட்டணத்தோடு கொடுத்த டிக்கெட்டில், எக்ஸ்பிரஸைத் தவிர ஜெர்மனி முழுக்க எந்தச் சாதாரண ரயிலிலும் ஏறலாம். அதாவது பாசஞ்சர்! ஜெர்மன் ரயில் ஒரு நிமிஷம்கூடத் தவறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாராளமாக லேட்டாகும். விழுப்புரம் அவுட்டரில் நின்று பழகினவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி.

முதலில் உள்ளூர். போகும் அணிக்கு ஊருக்குள்ளேயே ஸ்டேடியம். ஆட்டத்துக்கு முன்னால் 'போகும்' என்ற பாட்டைப் போடுவார்கள். ஹெர்பர்ட் க்ரோனெமயர் 1984-ல் பாடியது. ஊருக்கு ஒரு பாட்டு, அதை மொத்தக் கூட்டமும் கழுத்துத் துண்டைத் தூக்கிப் பிடித்துப் பாடுகிறது. நிற்கிற இடத்து டிக்கெட்டில் நின்றேன். யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள். எனக்கு முன்னால் நின்றவர் ஆறடி நாலங்குலம்.

பக்கத்தில் ஒரு பெரியவர், ஓப்பல் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்த ஆலையை 2014-ல் மூடிவிட்டார்கள். ஊரைச் சுற்றியிருந்த நிலக்கரிச் சுரங்கங்களும் ஒவ்வொன்றாகப் போய், ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018-ல் மூடப்பட்டது. "எல்லாம் போச்சு. சனிக்கிழமை வந்து நிக்க இது ஒண்ணுதான் பாக்கி" என்றார். நெய்வேலி நினைவு வந்தது. சுரங்கத்தை மூடினால் அந்த ஊரில் என்ன மிஞ்சும்?

அடுத்தது டார்ட்மண்ட். ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது. மேட்ச் டிக்கெட் நமக்கெல்லாம் சிக்காது; சுற்றிக் காட்டுகிற டிக்கெட்தான். 81,365 பேர் கொள்ளும் ஸ்டேடியம். 2011 கணக்கெடுப்பில் திண்டிவனத்தின் ஜனத்தொகை சுமார் 73 ஆயிரம். கைக்குழந்தை முதல் கொள்ளுப்பாட்டி வரை மொத்த ஊரையும் கூட்டிவந்து நிறுத்தினாலும் இடம் மிஞ்சும்! ஒரு கோடியில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். 'மஞ்சள் சுவர்' என்று பெயர். ஆளில்லாத அந்தப் படிகளின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்தது. அப்பாவுக்கு ஒரு மஞ்சள்-கறுப்பு மஃப்ளர் வாங்கினேன்.

அந்த மஃப்ளரோடு அடுத்த நாள் ஷால்கே ஸ்டேடியத்துக்குப் போனதுதான் தப்பு. டார்ட்மண்டுக்கும் ஷால்கேவுக்கும் ஜென்மப் பகை. டிராமில் ஒரு பாட்டி என்னைத் தொட்டு, 'அதைப் பைக்குள் வை, கண்ணு' என்கிற மாதிரி ஜாடை காட்டினார். எதிர்க்கட்சி மாநாட்டுக்குக் கரை வேட்டி மாற்றிக் கட்டிக்கொண்டு போனவன் கதைதான்!

ஷால்கேயில் அசந்துபோனேன். 2001-ல் திறந்த ஸ்டேடியம். அங்கே புல்தரை நகரும்! 11,000 டன் எடையுள்ள மொத்த மைதானத்தையும் ஒரு பெரிய தட்டில் வைத்து வெளியே தள்ளி, வெயில் காய வைக்கிறார்கள். மாடியில் கறிவேப்பிலைத் தொட்டியை அம்மா நகர்த்துவாளே, அதே சங்கதி. ஆட்டக்காரர்கள் வெளியே வருகிற பாதையைச் சுரங்கம் மாதிரியே அமைத்திருக்கிறார்கள். அந்த அணியை ஆரம்பித்ததும் வளர்த்ததும் சுரங்கக் குடும்பத்துப் பையன்கள். இன்னொரு விசேஷம், ஸ்டேடியத்துக்குள் பீர் போவதற்கென்றே ஐந்து கிலோமீட்டர் குழாய். இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

இவ்வளவு பெரிய சங்கதிகளைப் பார்த்தும், எனக்கு மறக்காதது ஒரு சின்ன ஸ்டேடியம்தான். பெர்லினில் இருக்கிறது. பாசஞ்சர் மாற்றி மாற்றி ஏழு மணி நேரத்துக்கு மேல் பயணம். கோபனிக் என்கிற பேட்டையில் இறங்கி, மரங்களுக்கு நடுவே நடந்தால் யூனியன் பெர்லின் அணியின் மைதானம். 22,012 பேர்தான் கொள்ளும். உட்கார நாலாயிரம் சீட்கூடக் கிடையாது. மற்றவர்கள் நிற்கவேண்டியதுதான்.

2008-ல் இந்த ஸ்டேடியம் இடிந்துவிழும் நிலையில் இருந்தது. கிளப்பிடம் காசு இல்லை. ரசிகர்கள் வந்தார்கள். கொத்தனார், எலெக்ட்ரீஷியன், ஆபீஸ் குமாஸ்தா என்று இரண்டாயிரம் பேருக்கு மேல். லீவு போட்டுவிட்டு வந்து மண்வெட்டி பிடித்தார்கள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மணி நேர வேலை. கூலி, பைசா கிடையாது! 2009-ல் ஸ்டேடியம் எழுந்து நின்றது. 2014 உலகக் கோப்பையின்போது அதே ரசிகர்கள் வீட்டு சோபாக்களைத் தூக்கிவந்து, நூற்றுக்கணக்கில் புல்தரையில் போட்டு, பெரிய திரையில் மேட்ச் பார்த்தார்கள். அவர்கள் கட்டின வீடு, அவர்கள் சோபா. யார் கேட்பது?

ஜெர்மனியில் 1998 முதல் ஒரு விதி உண்டு. சில விலக்குகள் தவிர, கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் அதன் உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும். எவ்வளவு பெரிய முதலாளி வந்தாலும் முழுசாக வாங்கிவிட முடியாது. பெர்லினில் நின்றபோதுதான் இந்த விதிக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது.

ஊருக்கு வந்தேன். கையில் பதினோரு யூரோ. அன்று ராத்திரி, திண்ணையில் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், மஃப்ளரைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். நகரும் புல்தரைக்கு "இதென்னடா கூத்து" என்றார். பெர்லின் கதையைச் சொன்னேன்.

"எவ்வளவு கூலி கொடுத்தாங்க?"

"ஒண்ணும் இல்லப்பா. சும்மாதான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்களும் போட்டோம்டா" என்றார்.

"எதை?"

"மண்ணு."

அப்பா ஆடின மைதானம் ஆரம்பத்தில் ஒரே பள்ளமாம். மழை பெய்தால் தவளை கத்துமாம். ஆடுகிற பையன்கள் எட்டுப் பேர், டூட்டி முடிந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டில் மண் சுமந்து மேடாக்கியிருக்கிறார்கள். "போட்டோவுல இருக்கறவன்ல மூணு பேரு இப்ப இல்ல" என்றார். இருபத்தோரு வருஷமாக அவரோடு இருக்கிறேன். இந்தக் கதையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"வளையல் விஷயம் உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றார். "எனக்கு எல்லாம் கேக்குது!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மறு ஞாயிறு இரண்டு பேரும் ரயிலேறி விழுப்புரம் போனோம். மைதானம் இருந்தது. செருப்பைக் குவித்து கோல் போஸ்ட் வைத்து, பத்துப் பன்னிரண்டு பொடியன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பா தாங்கித் தாங்கி நடந்துபோய் ஒரு மூலையில் நின்று, காலால் தரையைத் தட்டிப் பார்த்தார்.

"இங்கதான்டா பெரிய பள்ளம். நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு..."

"தாத்தா! ஆட்டம் நடக்குதில்ல? ஓரமாப் போங்க!" என்று ஒரு வாண்டு கத்தியது.

அப்பா உடனே நகர்ந்து ஓரமாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா... எவன் கொட்டின மண்ணுல நின்னு எவன் விரட்டறான் பாரு!"